டெம்ப்போடு டெம்ப்ளேட்டும் போனது ஏன்? – போட்டோ3 கேள்வி-பதில்

பைத்தானிலிருந்து அமேசானின் ஏடபிள்யூஎஸ் கிளவுடை இயக்கும் போட்டோ3 நூலகத்தைப் பற்றி, அதிலும் அதன் ‘கலெக்‌ஷன்’ பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். (புகைப்படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமேசான் ஆற்றில் வாழும் நன்னீர் டால்பினுக்கு ‘போட்டோ’ என்று பெயர், அதிலிருந்து வந்தது.) அடிக்கடி வரும் எஸ்3 என்பது ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்புச் சேவை. அதில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் கொள்கலன் பக்கெட், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் ஆப்ஜெக்ட், அதன் பெயர் கீ. கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். எடிட்டரில் அடிக்கும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: ஃபில்டர், லிமிட், டெலீட் போன்ற மெத்தட் பெயர்கள் முழுக்கச் சிறிய எழுத்தில் வரும். அடைப்புக்குறிக்குள் போகும் ‘ப்ரிஃபிக்ஸ்’, ‘ஃபில்டர்ஸ்’, ‘ட்ரைரன்’ போன்றவற்றின் முதல் எழுத்து பெரிய எழுத்து. மாற்றி அடித்தால், அப்படி ஒரு பாராமீட்டரே கிடையாது என்று எரர் வரும்.

கேள்வி: ‘பக்கெட்.ஆப்ஜெக்ட்ஸ்.ஆல்()’ என்று கொடுத்தால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் பிரிண்ட் செய்தால் ஃபைல் பெயர்களைக் காணோம், ‘எஸ்3.பக்கெட்.ஆப்ஜெக்ட்ஸ்கலெக்‌ஷன்’ என்று ஏதோ வருகிறது. ‘லென்’ போட்டால் டைப்எரர். எங்கே தவறு?

பதில்: தவறு எங்கும் இல்லை. அந்த வரி முடியும்போது சர்வருக்கு ஒரு ரிக்வெஸ்ட்கூடப் போயிருக்காது, அதனால்தான் அந்த வேகம். கலெக்‌ஷன் என்பது பட்டியல் அல்ல. ‘இன்ன பக்கெட்டில் உள்ளதை வாங்கி வா’ என்று எழுதி மடித்து வைத்த சீட்டு. எத்தனை பொருள் வரும் என்று சீட்டைக் கேட்டால் அதற்கு எப்படித் தெரியும்? லென் தரும் எரரின் பொருள் அதுதான்.

சீட்டு கையை விட்டுப் போவது மூன்று சமயங்களில். ஃபார் லூப்பில் சுற்றும்போது, ‘லிஸ்ட்()’ போட்டு மாற்றும்போது, கலெக்‌ஷன் மீதே டெலீட், ஸ்டாப் போன்ற மொத்தச் செயலை ஏவும்போது. மூன்றாவதைப் பற்றிக் கீழே வேறொரு வாசகரின் துயரத்தில் விரிவாகப் பார்ப்போம்.

இங்கே வழக்கமாக இரண்டு இடத்தில் கால் இடறும். ஒரே கலெக்‌ஷனை இரண்டு லூப்பில் சுற்றினால் இரண்டு தடவையும் புதிதாகப் போய் வாங்கி வரும், முந்தைய பதில் எதையும் அது வைத்திருப்பதில்லை. இரண்டு லூப்புக்கு நடுவே யாராவது ஒரு ஃபைலைச் சேர்த்தால் இரண்டு லூப்பும் வேறு வேறு கணக்குச் சொல்லும். இரு முறை தேவையென்றால் முதலிலேயே லிஸ்ட்டாக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, காலியா என்று பார்க்க ‘இஃப் பக்கெட்.ஆப்ஜெக்ட்ஸ்.ஆல்():’ என்று எழுதுவது. சீட்டு என்ற பொருள் கையில் இருப்பதால் அது எப்போதும் ட்ரூ, பக்கெட் காலியாக இருந்தாலும்! ‘லிஸ்ட்(பக்கெட்.ஆப்ஜெக்ட்ஸ்.லிமிட்(1))’ என்று எழுதி, வந்த லிஸ்ட் காலியா என்று பாருங்கள்.

எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டலாம். எஸ்3 ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு அதிகபட்சம் 1000 ஆப்ஜெக்ட்டுகளின் விவரம்தான் தரும். 1 கோடி ஆப்ஜெக்ட் உள்ள பக்கெட்டை எண்ண 10,000 ரிக்வெஸ்ட். எஸ்3-இல் பட்டியல் கேட்பதற்கும் கட்டணம் உண்டு. துல்லியம் அவ்வளவு தேவையில்லை என்றால் ஏடபிள்யூஎஸ்ஸின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில் நாளுக்கொரு முறை பதிவாகும் ‘நம்பர்ஆஃப்ஆப்ஜெக்ட்ஸ்’ அளவீட்டைப் பாருங்கள்.

கேள்வி: 40 லட்சம் ஃபைல்களில் கடைசியாக வந்த 20 மட்டும் வேண்டும். ‘லிமிட்(20)’ போட்டால் எப்போதோ ஏற்றிய பழைய ஃபைல்கள் வருகின்றன. ‘பேஜ்_சைஸ்’ போட வேண்டுமா?

பதில்: இரண்டுமே உதவாது. பொதுப் பயன்பாட்டு எஸ்3 பக்கெட் தன் ஆப்ஜெக்ட்டுகளைத் தேதி வரிசையில் தருவதில்லை, கீயின் யுடிஎஃப்-8 பைட் வரிசையில் தருகிறது. ‘படம்10’ என்பது ‘படம்2’-க்கு முன்னால் வரும் வரிசை அது. லிமிட்(20) என்றால் அந்த வரிசையின் முதல் 20. கடைசியாக வந்தவை வேண்டுமென்றால் 40 லட்சத்தையும், அதாவது 4000 ரிக்வெஸ்ட், சுற்றி வந்து ‘லாஸ்ட்_மாடிஃபைட்’ பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். ஏற்றும்போதே கீயின் தொடக்கத்தில் ஆண்டு-மாதம்-நாள் வைத்திருந்தால், இன்றைய தேதியை ப்ரிஃபிக்ஸாக, அதாவது பெயரின் தொடக்கமாகக் கொடுத்து ஒன்றிரண்டு ரிக்வெஸ்ட்டில் முடித்திருக்கலாம். பழையதை மாற்ற முடியாவிட்டாலும் இனி வருவதற்கு அப்படிப் பெயர் வையுங்கள்.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். லிமிட் என்பது உங்கள் பக்கத்துக் கதவு: 20 எடுத்ததும் லூப் நின்றுவிடும். ஆனால் சர்வர் முதல் ரிக்வெஸ்ட்டுக்கு வழக்கம்போல 1000 அனுப்பியிருக்கும், 980 வீண். பேஜ்_சைஸ் என்பது சர்வரிடம் சொல்லும் அளவு: ஒரு நடைக்கு இத்தனை கொண்டுவா, ஆனால் முழுவதும் வரும் வரை நடந்துகொண்டே இரு. ‘லிமிட்(20).பேஜ்_சைஸ்(20)’ என்று இரண்டையும் கோர்த்தால் ஒரே நடை, 20 ஆப்ஜெக்ட். பேஜ்_சைஸ்(20) மட்டும் போட்டால் என்ன ஆகும்? 40 லட்சத்துக்கு 2 லட்சம் ரிக்வெஸ்ட். வேகமாக்குவதாக நினைத்து இதைச் செய்பவர்கள் உண்டு.

கேள்வி: பக்கெட்டில் ‘டெம்ப்/’ என்ற ஃபோல்டரில் 2600 தற்காலிக ஃபைல்கள் இருந்தன. ‘பக்கெட்.ஆப்ஜெக்ட்ஸ்.ஃபில்டர்(ப்ரிஃபிக்ஸ்=“டெம்ப்”).டெலீட்()’ என்று கொடுத்தேன். அவற்றோடு ‘டெம்ப்ளேட்ஸ்/’ ஃபோல்டரில் இருந்த 900 ஃபைல்களும் போய்விட்டன. உறுதி செய்யச் சொல்லிக்கூட அது கேட்கவில்லை. திரும்பப் பெற வழி உண்டா?

பதில்: வெர்ஷனிங் (ஃபைலின் பழைய பிரதிகளையும் பக்கெட்டில் வைத்திருக்கும் வசதி) இயக்கியிருந்தால் உண்டு. இல்லையென்றால், தனியாக பேக்கப் எடுத்து வைத்திருந்தால் ஒழிய, இல்லை.

முதலில் நடந்தது என்ன? எஸ்3-இல் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது. ‘டெம்ப்/அ.டிஎக்ஸ்டி’ என்பது முழுக்க ஒரே பெயர், நடுவில் இருக்கும் சாய்கோடும் பெயரில் ஓர் எழுத்து. ப்ரிஃபிக்ஸ் என்பது ‘இந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள்’ என்பது மட்டுமே. ‘டெம்ப்ளேட்ஸ்/’ என்பதும் ‘டெம்ப்’ என்றுதான் தொடங்குகிறது. கடைசியில் ஒரு சாய்கோடு விட்டுப்போனதால் வந்த வினை.

அந்த டெலீட் ஓடிய விதம் இது. கலெக்‌ஷன் ஒரு பக்கம் வாங்கும், அந்தப் பக்கத்தின் எல்லாக் கீயையும் ஒரே ‘டெலீட்_ஆப்ஜெக்ட்ஸ்’ ரிக்வெஸ்ட்டில் அனுப்பும், பிறகுதான் அடுத்த பக்கத்துக்குப் போகும். பைட் வரிசையில் சாய்கோடு ஆங்கில எழுத்துகளுக்கு முன்னால் வருவதால் ‘டெம்ப்/’ ஃபைல்கள் முதலில் வந்தன. முதல் பக்கத்தில் 1000, இரண்டாவதில் 1000, எல்லாம் தற்காலிக ஃபைல்கள். மூன்றாவது பக்கத்தில் மிச்சம் 600 தற்காலிக ஃபைலோடு 400 டெம்ப்ளேட். நான்காவதில் 500 டெம்ப்ளேட். இரண்டாம் பக்கம் முடிந்ததும் கன்ட்ரோல்-சி அழுத்தியிருந்தால் டெம்ப்ளேட் அத்தனையும் தப்பியிருக்கும். அதற்கு நேரம் கிடைத்திருக்காது என்பது வேறு விஷயம்.

வெர்ஷனிங் இருந்த பக்கெட்டில் இந்த டெலீட் எதையும் நிஜமாக அழிப்பதில்லை. ஒவ்வொரு கீ மீதும் ‘டெலீட் மார்க்கர்’ ஒன்றை வைக்கிறது. அந்த மார்க்கரை எடுத்துவிட்டால் ஃபைல் மறுபடி தெரியும். ‘பக்கெட்.ஆப்ஜெக்ட்_வெர்ஷன்ஸ்.ஃபில்டர்(ப்ரிஃபிக்ஸ்=“டெம்ப்ளேட்ஸ்/”)’ என்று சுற்றுங்கள். வரும் ஒவ்வொன்றிலும் ‘ஈஸ்_லேட்டஸ்ட்’ ட்ரூவாகவும் ‘சைஸ்’ ‘நன்’ (மதிப்பில்லை) ஆகவும் இருந்தால் அது மார்க்கர். அதன் மீது மட்டும் ‘டெலீட்()’ கொடுங்கள். ஒரு வருடமாக நீங்களே வேண்டுமென்று அழித்த டெம்ப்ளேட்டுகளின் மார்க்கரும் இதில் சிக்கும் என்பதால், ‘லாஸ்ட்_மாடிஃபைட்’ இன்றைய விபத்து நேரத்துக்குப் பிற்பட்டதா என்றும் சேர்த்துப் பாருங்கள். சுற்றாமல் அவசரத்தில் ‘ஆப்ஜெக்ட்_வெர்ஷன்ஸ்.ஃபில்டர்(…).டெலீட்()’ என்று மொத்தமாக ஏவினால் மார்க்கரோடு உண்மையான வெர்ஷன்களும் போய்விடும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

இனி இப்படி நேராமல் இருக்க: அழிக்கும் முன் அதே கலெக்‌ஷனைச் சுற்றி, கீயை முதல் சாய்கோட்டில் வெட்டி, எந்தத் தலைப்பில் எத்தனை என்று அச்சிடுங்கள். உங்கள் விஷயத்தில் ‘டெம்ப் 2600, டெம்ப்ளேட்ஸ் 900’ என்று இரண்டு வரி வந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டு யாரும் என்டர் தட்ட மாட்டார்கள். ப்ரிஃபிக்ஸை வேரியபிளில் வைத்திருந்தால் இன்னொரு சோதனையும் அவசியம். கான்ஃபிக் ஃபைலில் அந்த மதிப்பு விட்டுப்போய் வெற்று ஸ்ட்ரிங் வந்தால், ‘எதில் தொடங்கினாலும் சரி’ என்றாகிறது. மொத்த பக்கெட்டும் காலி. ப்ரிஃபிக்ஸ் காலியாக இல்லை, சாய்கோட்டில் முடிகிறது என்ற இரண்டையும் பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிற்கும்படி ஸ்க்ரிப்டில் இரண்டு வரி எழுதுங்கள்.

மொத்த டெலீட்டின் பதிலையும் பார்க்கப் பழகுங்கள். பக்கத்துக்கு ஒன்று வீதம் பதில்கள் அடங்கிய லிஸ்ட் அது. அனுமதி இல்லாத கீ இருந்தாலும் பைத்தானில் எரர் எழாது, ரிக்வெஸ்ட் 200 (வெற்றி) என்றே திரும்பும். விட்டுப்போன கீகள் அந்தப் பதிலுக்குள் ‘எரர்ஸ்’ என்ற இடத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். நடுவில் நெட்வொர்க் அறுந்து நிஜமாகவே எரர் எழுந்தால் நிலைமை இன்னும் சிக்கல்: அதுவரை போன பக்கங்கள் போனவைதான், அவற்றுக்கான பதில்கள் உங்கள் கைக்கு வராது. ஆகவே பெரிய அழிப்புகளுக்கு மொத்தச் செயலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ‘ஃபார் பேஜ் இன் கலெக்‌ஷன்.பேஜஸ்()’ என்று பக்கம் பக்கமாகச் சுற்றி, நீங்களே டெலீட்_ஆப்ஜெக்ட்ஸ் அழைத்து, ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் கடைசிக் கீயை லாகில் எழுதுங்கள். 30 நாளுக்கு முந்தையவை மட்டும் என்பது போல பைத்தான் பக்கத்தில் சலிக்க வேண்டுமென்றாலும் இந்த வழிதான். லூப்புக்குள் போடும் இஃப், கலெக்‌ஷனின் மொத்தச் செயலுக்குத் தெரியாது.

கேள்வி: எல்லா ஆப்ஜெக்ட்டையும் டெலீட் செய்த பிறகும் ‘பக்கெட்.டெலீட்()’ கொடுத்தால் ‘பக்கெட்நாட்எம்ப்டி’ என்கிறது. கன்சோலில் பார்த்தால் காலியாகத்தான் இருக்கிறது.

பதில்: வெர்ஷனிங் இயக்கிய பக்கெட். மேலே சொன்ன மார்க்கர்களும் பழைய வெர்ஷன்களும் உள்ளே இருக்கின்றன. கன்சோலில் வெர்ஷன்களைக் காட்டும் பொத்தானை இயக்கினால் தெரியும். பக்கெட்டே வேண்டாம் என்பது உறுதியென்றால், மேலே செய்யாதீர்கள் என்று சொன்ன ‘பக்கெட்.ஆப்ஜெக்ட்_வெர்ஷன்ஸ்.டெலீட்()’தான் இங்கே சரியான மருந்து.

கேள்வி: ‘என்விரான்மென்ட்’ டேகில் ‘டெவ்’ என்று இருக்கும் ஈசி2 இன்ஸ்டன்ஸ்களை (ஏடபிள்யூஎஸ் வாடகைக்குத் தரும் சர்வர்களை) இரவில் நிறுத்த ஸ்க்ரிப்ட் எழுதினேன். சில நாள் ஓடுகிறது, சில நாள் எரர் வருகிறது. சில இன்ஸ்டன்ஸ்கள் எப்போதுமே நிற்பதில்லை. ஃபில்டரைச் சரியாக எழுதுவது எப்படி?

பதில்: எப்போதுமே நிற்காதவற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது ரிஜியன், அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டா சென்டர்கள் இருக்கும் நிலப்பகுதி. ஈசி2 ரிசோர்ஸ் (‘போட்டோ3.ரிசோர்ஸ்(“ஈசி2”)’ தரும் பொருள்) ஒரு ரிஜியனோடு கட்டப்பட்டது, பக்கத்து ரிஜியனில் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ரிஜியனில் இயங்கினால் இரண்டு ரிசோர்ஸ் உருவாக்கிச் சுற்ற வேண்டும். அடுத்தது எழுத்து. டேகின் பெயரிலும் மதிப்பிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறு வேறு. யாரோ ஒருவர் கன்சோலில் கையால் டேக் வைக்கும்போது முதல் எழுத்தைப் பெரிதாக அடித்திருப்பார்.

சில நாள் வரும் எரருக்குக் காரணம், டெர்மினேட் செய்த (அடியோடு நீக்கிய) இன்ஸ்டன்ஸ் உடனே பட்டியலிலிருந்து மறைவதில்லை, சிறிது நேரம் தெரிந்துகொண்டிருக்கும். உங்கள் ஃபில்டரில் டேக் மட்டும் இருப்பதால் அதுவும் வலையில் விழுகிறது. கலெக்‌ஷன் மீது ‘ஸ்டாப்()’ ஏவினால் ஒரு பக்கத்தின் எல்லா ஐடியும் ஒரே ரிக்வெஸ்ட்டில் போகின்றன. அதில் ஒன்று நிறுத்த முடியாத நிலையில் இருந்தால் ‘இன்கரெக்ட்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்’ எரர், கூடப் போனவையும் நிற்காது. யாராவது அன்று மாலை ஒரு டெவ் இன்ஸ்டன்ஸை டெர்மினேட் செய்திருந்தால் அன்று இரவு உங்கள் ஸ்க்ரிப்ட் விழும்.

ஆகவே ஃபில்டர்ஸ் லிஸ்ட்டில் இரண்டு இருக்க வேண்டும். ஒன்றில் நேம் ‘டேக்:என்விரான்மென்ட்’, வேல்யூஸ் [‘டெவ்’]. மற்றதில் நேம் ‘இன்ஸ்டன்ஸ்-ஸ்டேட்-நேம்’, வேல்யூஸ் [‘ரன்னிங்’]. மதிப்பு ஒன்றே ஒன்றானாலும் சதுர அடைப்புக்குள் லிஸ்ட்டாகத்தான் தர வேண்டும். தனி ஃபில்டர்கள் இரண்டும் பொருந்தினால்தான் இன்ஸ்டன்ஸ் வரும். ஒரே ஃபில்டரின் வேல்யூஸில் [‘டெவ்’, ‘டெஸ்ட்’] என்று வைத்தால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மதிப்பில் நட்சத்திரக் குறியும் செல்லும்: ‘டெவ்*’ என்றால் டெவ்1, டெவ்-பழையது எல்லாம் அகப்படும்.

ஃபில்டரைச் சங்கிலியாகவும் எழுதலாம். டேக் ஃபில்டரோடு ஓர் அடிப்படைக் கலெக்‌ஷனை வைத்துக்கொண்டு, அதன் மீது இன்னொரு ‘.ஃபில்டர்(ஃபில்டர்ஸ்=…)’ போட்டால் புதிய பிரதி ஒன்று கிடைக்கும், பழையது மாறாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லிஸ்ட்டாகத் தரும் பாராமீட்டர்கள் சங்கிலியில் ஒன்றோடொன்று சேரும், ஒற்றை மதிப்புகள் பின்னால் வந்ததால் அடித்துப்போகும். ஈசி2-வில் ஃபில்டர்ஸ் லிஸ்ட் என்பதால் இரண்டும் சேர்கின்றன. எஸ்3-இல் ப்ரிஃபிக்ஸ் ஒற்றை மதிப்பு, இரண்டு முறை கொடுத்தால் கடைசியில் சொன்னதே நிற்கும். ‘டெம்ப்/’-க்குப் பிறகு ‘2024’ என்று கோர்த்தால் ‘டெம்ப்/2024’ ஆகிவிடாது, ‘2024’-இல் தொடங்கும் எல்லாமும் ஆகும். டெலீட்டுக்கு முன்னால் இப்படி எழுதிவிடாதீர்கள்.

முதல் தடவை ‘ஸ்டாப்(ட்ரைரன்=ட்ரூ)’ கொடுத்துப் பாருங்கள். அனுமதி சரியாக இருந்தால் ‘ட்ரைரன்ஆபரேஷன்’ என்ற கோடோடு கிளையன்ட்எரர் வரும். ஆம், வெற்றியையும் எரராகத்தான் சொல்லும். ‘அன்ஆதரைஸ்ட்ஆபரேஷன்’ என்று வந்தால் மட்டும் அனுமதியைக் கவனியுங்கள்.

நிறுத்தாமல் டெர்மினேட் செய்யும் ஸ்க்ரிப்ட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அனுப்பிய பட்டியலில் ஒன்றில் டெர்மினேஷன் புரொடெக்‌ஷன் இருந்தால் ரிக்வெஸ்ட் எரராகும், ஆனால் எல்லாம் பிழைத்தன என்று நினைக்க வேண்டாம். பாதுகாப்பு வைத்த இன்ஸ்டன்ஸ் இருக்கும் அவெய்லபிலிட்டி சோனில் (ரிஜியனுக்குள் தனியாக இயங்கும் டேட்டா சென்டர் தொகுதியில்) உள்ளவை மட்டும் தப்பும். அப்படி எதுவும் இல்லாத சோன்களில் இருந்தவை போய்விட்டிருக்கும்.

கேள்வி: இன்ஸ்டன்ஸ் ஐடிகளைத் தந்து பேஜ்_சைஸும் கொடுத்தால் எரர் வருகிறது.

பதில்: ஈசி2-வில் ‘இன்ஸ்டன்ஸ்ஐடிஸ்’ பாராமீட்டரும் பக்க அளவும் ஒரே ரிக்வெஸ்ட்டில் சேராது. ஒன்றை விடுங்கள். பக்க அளவு மட்டும் தரும்போதும் 5-லிருந்து 1000-க்குள் இருக்க வேண்டும், பேஜ்_சைஸ்(1) எடுபடாது.

கேள்வி: எஸ்க்யூஎஸ் (மெசேஜ்களை வரிசையில் வைக்கும் ஏடபிள்யூஎஸ் சேவை) க்யூக்கள் 300 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை மெசேஜ் காத்திருக்கிறது என்று அச்சிட நிமிடக்கணக்கில் ஆகிறது. ஈசி2-வில் இதே போன்ற லூப் சட்டென்று முடிகிறதே?

பதில்: பட்டியல் ரிக்வெஸ்ட் எதைத் தருகிறது என்பதில் இருக்கிறது வித்தியாசம். ஈசி2-வின் பட்டியல் பதிலிலேயே ஒவ்வொரு இன்ஸ்டன்ஸின் வகை, ஐபி, டேக், நிலை எல்லாம் வந்துவிடும். லூப்புக்குள் ‘இன்ஸ்டன்ஸ்.ஸ்டேட்’ கேட்டால் கையிலிருப்பதை எடுத்துக் காட்டும். எஸ்க்யூஎஸ் பட்டியல் தருவது க்யூவின் யூஆர்எல் மட்டும். ‘க்யூ.அட்ரிபியூட்ஸ்’ என்று தொட்டதும் அந்த ஒரு க்யூவுக்காக ஒரு ரிக்வெஸ்ட் தனியாகப் போகிறது. 300 க்யூ, 300 நடை, ஒன்றன் பின் ஒன்றாக. வேண்டாத க்யூக்களை முன்பே தள்ள ‘க்யூஸ்.ஃபில்டர்(க்யூநேம்ப்ரிஃபிக்ஸ்=…)’ உதவும்; மிச்சத்தை ஒரே சமயத்தில் ஓடும் பல த்ரெட்டுகளில் பிரிக்கலாம் (அடுத்த கேள்வியைப் பாருங்கள்).

எஸ்3 இரண்டுக்கும் நடுவில். பட்டியலில் வரும் ஆப்ஜெக்ட்சம்மரியிடம் கீ, சைஸ், லாஸ்ட்_மாடிஃபைட், ஈ_டேக், ஸ்டோரேஜ்_கிளாஸ் தயாராக இருக்கும். கன்டென்ட் டைப்போ மெட்டாடேட்டாவோ வேண்டுமென்று ‘.ஆப்ஜெக்ட்()’ (இதன் முதல் எழுத்து பெரியது) போட்டுக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெட் ரிக்வெஸ்ட், அதாவது ஃபைல் இல்லாமல் விவரம் மட்டும் கேட்பது. 5000 ஃபைலுக்குப் பட்டியல் 5 நடை, மெட்டாடேட்டா 5000 நடை.

கையிலிருப்பதைக் காட்டுவதில் ஒரு சங்கடமும் இருக்கிறது: அது பழசாகும். ‘இன்ஸ்டன்ஸ்.ஸ்டாப்()’ கொடுத்த பிறகு அதே இன்ஸ்டன்ஸின் ஸ்டேட் கேட்டால் ‘ரன்னிங்’ என்றே சொல்லும். ‘ரீலோட்()’ செய்தால் புது நிலை தெரியும். நிற்கும் வரை காத்திருக்க ‘வெயிட்_அன்டில்_ஸ்டாப்ட்()’ இருக்கிறது. 15 விநாடிக்கு ஒரு முறை, 40 முறை பார்க்கும். 10 நிமிடத்தில் நிற்காவிட்டால் எரரோடு கைவிட்டுவிடும்.

கேள்வி: கலெக்‌ஷனைப் பல த்ரெட்டுகளுக்குப் பகிரலாமா?

பதில்: கூடாது. ரிசோர்ஸும் அதிலிருந்து பிறந்தவையும் த்ரெட்டுக்குப் பாதுகாப்பானவை அல்ல. பிரதான த்ரெட்டில் கலெக்‌ஷனைச் சுற்றிக் கீ, ஐடி, யூஆர்எல் போன்ற வெறும் ஸ்ட்ரிங்குகளை மட்டும் எடுத்து த்ரெட்டுகளிடம் கொடுங்கள். ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஒரு செஷன், அதிலிருந்து ஒரு ரிசோர்ஸ் உருவாக்கிக்கொள்ளட்டும். போட்டோ3-இன் மற்றொரு இடைமுகமான கிளையன்ட் (ஏடபிள்யூஎஸ் அழைப்புகளை நேரடியாக அனுப்புவது) அப்படியல்ல, ஒன்றை உருவாக்கி எல்லாரும் பகிரலாம். த்ரெட் வேலைக்கு நாங்கள் கிளையன்டையே எடுப்போம்.

கேள்வி: பக்கெட்டின் முதல் நிலை ஃபோல்டர் பெயர்கள் மட்டும் வேண்டும். ‘ஃபில்டர்(டெலிமிட்டர்=“/”)’ போட்டால் ஃபோல்டர்களே வருவதில்லை, வெளியில் கிடக்கும் ஃபைல்கள் மட்டும் வருகின்றன.

பதில்: சர்வர் ஃபோல்டர் பெயர்களை அனுப்பியிருக்கிறது, கலெக்‌ஷன்தான் அவற்றை உங்களிடம் தரவில்லை. பதிலில் ‘கன்டென்ட்ஸ்’ என்றும் ‘காமன்ப்ரிஃபிக்ஸஸ்’ என்றும் இரண்டு பகுதிகள் உண்டு. கலெக்‌ஷன் முதல் பகுதியை மட்டும் எடுத்து ஆப்ஜெக்ட்டாக்குகிறது. கிளையன்டுக்குப் போங்கள். ரிசோர்ஸ் கையில் இருந்தால் ‘.மெட்டா.கிளையன்ட்’ என்று அதிலிருந்தே எடுக்கலாம். ‘கெட்_பேஜினேட்டர்(“லிஸ்ட்_ஆப்ஜெக்ட்ஸ்_வி2”)’, பிறகு ‘பேஜினேட்(பக்கெட்=…, டெலிமிட்டர்=“/”)’, ஒவ்வொரு பக்கத்திலும் காமன்ப்ரிஃபிக்ஸஸ். அதைச் சதுர அடைப்பில் நேரடியாக எடுக்காமல் ‘.கெட்(…, [])’ என்று எடுங்கள். ஒரு பக்கத்தில் ஃபோல்டரே இல்லையென்றால் அந்தப் பெயரே பதிலில் இருக்காது, கீஎரர் வரும். கன்டென்ட்ஸுக்கும் இதே கதி.

கேள்வி: டைனமோடிபி (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ்) டேபிளில் ‘ஸ்கேன்()’ செய்து லூப் சுற்றுகிறேன். பாதி ஐட்டம்தான் வருகிறது.

பதில்: ‘டைனமோடிபி.டேபிள்ஸ்’ கலெக்‌ஷன், ‘டேபிள்.ஸ்கேன்()’ கலெக்‌ஷன் அல்ல, ஒரே ஒரு ரிக்வெஸ்ட். அது 1 எம்பி தரவைப் படித்ததும் நின்றுவிடும். பதிலில் ‘லாஸ்ட்இவாலுவேட்டட்கீ’ இருந்தால் அதை அடுத்த ஸ்கேனுக்கு ‘எக்ஸ்க்ளூசிவ்ஸ்டார்ட்கீ’யாகக் கொடுத்து, அது வராமல் போகும் வரை சுற்றுங்கள். ‘ஐட்டம்ஸ்’ காலியாக வந்தது என்று நிறுத்தாதீர்கள். ஸ்கேனில் ஃபில்டர் எக்ஸ்ப்ரஷன் வைத்திருந்தால் 1 எம்பி படித்து முடித்த பிறகுதான் சலிப்பு நடக்கும், ஒரு பக்கம் முழுக்கச் சல்லடையில் போயிருக்கலாம்.

கேள்வி: ‘போட்டோ3.ரிசோர்ஸ்(“லாம்ப்டா”)’ என்றால் அப்படி ஒரு ரிசோர்ஸ் இல்லை என்கிறது. ரிசோர்ஸ், கலெக்‌ஷன் எல்லாம் இனிமேல் வராது என்றும் சொல்கிறார்களே, கற்றுக்கொள்வது வீணா?

பதில்: லாம்ப்டாவுக்கு (நாம் சர்வர் வைக்காமலே நிரலை ஓட்டித் தரும் சேவை) ரிசோர்ஸ் எப்போதும் இருந்ததில்லை. எஸ்3, ஈசி2, ஐஏஎம், டைனமோடிபி, எஸ்க்யூஎஸ், எஸ்என்எஸ் என்று கைவிரலுக்குள் அடங்கும் சில சேவைகளுக்குத்தான் உண்டு. எவை என்பதை அந்த எரர் செய்தியே பட்டியலிடும். போட்டோ3 எல்லாருக்குமாக வெளியானது 2015 ஜூனில். இப்போது அதைப் பராமரிக்கும் குழு, ரிசோர்ஸ் பக்கத்தில் புதிய வசதி எதையும் சேர்ப்பதாக இல்லை, இருப்பவை போட்டோ3 உள்ளவரை இயங்கும் என்று ஆவணத்தில் எழுதிவிட்டது. நின்றுபோகவில்லை, வளரவில்லை, அவ்வளவே.

எங்கள் கருத்து: எஸ்3, ஈசி2 வேலைக்குச் சின்ன ஸ்க்ரிப்ட் என்றால் கலெக்‌ஷனில் எழுதுங்கள், படிக்க அழகாக இருக்கும். பல வருடம் ஓட வேண்டிய நிரல், பல சேவைகள், த்ரெட்டுகள் என்று போனால் கிளையன்டும் பேஜினேட்டரும். பேஜினேட்டரும் லூப் சுற்றும்போதுதான் சர்வருக்குப் போகிறது, பக்கம் பக்கமாகத்தான் வாங்கி வருகிறது. ஒன்றில் கற்றது மற்றதில் வீணாகாது.

கேள்வி: என் ஸ்க்ரிப்ட் உண்மையில் எத்தனை ரிக்வெஸ்ட் அனுப்புகிறது என்று எண்ண முடியுமா? பெரிய லூப்புகளில் ‘ஸ்லோடவுன்’ எரர் வருகிறது.

பதில்: முடியும். ‘எஸ்3.மெட்டா.கிளையன்ட்.மெட்டா.ஈவன்ட்ஸ்.ரெஜிஸ்டர்(“பிஃபோர்-சென்ட்.எஸ்3”, எண்ணு)’ என்று ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்யுங்கள். உள்ளே கவுன்ட்டரில் 1 கூட்டினால் போதும். ஃபங்ஷன் இரட்டை நட்சத்திர க்வார்க்ஸ் (எந்தப் பெயரில் வரும் பாராமீட்டரையும் ஏற்பது) வாங்குவதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பதிவே ஆகாது. எதையும் ரிட்டர்ன் செய்யவும் கூடாது. செய்தால், நீங்கள் திருப்பியதையே சர்வரின் பதிலென்று எடுத்துக்கொண்டு நிஜ ரிக்வெஸ்ட்டை அனுப்பாமல் விட்டுவிடும். ‘பிஃபோர்-கால்’ என்றும் ஓர் ஈவன்ட் உண்டு. அது அழைப்புக்கு ஒரு முறைதான் வரும், பிஃபோர்-சென்ட் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் வரும். இரண்டையும் எண்ணிக் கழித்தால், எத்தனை மறுமுயற்சி நடந்தது என்பது கிடைத்துவிடும்.

ஸ்லோடவுன் என்பது எஸ்3 ‘மெதுவாக வா’ என்று சொல்லும் 503 எரர். ஒரு ப்ரிஃபிக்ஸுக்கு விநாடிக்கு 3500 எழுதும், அழிக்கும் ரிக்வெஸ்ட்டும் 5500 வாசிப்பு ரிக்வெஸ்ட்டும் தாங்கும் என்பது அதன் கணக்கு. திடீரென்று ஏறும் வேகத்துக்கு அது பழக நேரமும் எடுக்கும். ஒற்றை லூப்பில் இந்த அளவை எட்டுவது அபூர்வம், த்ரெட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள். கான்ஃபிகில் ‘ரீட்ரைஸ்’ மோடை ‘ஸ்டாண்டர்ட்’ ஆக்கி முயற்சிகளைக் கூட்டுங்கள். சும்மா விட்டால் பழைய ‘லெகஸி’ மோட் மொத்தம் 5 முறை முயலும். ஸ்டாண்டர்டுக்கு மாற்றிவிட்டு எண்ணைத் தராமல் விட்டால் 3 ஆகக் குறைந்துவிடும். கான்ஃபிகில் தரும் ‘மேக்ஸ்_அட்டெம்ப்ட்ஸ்’ முதல் முயற்சியைச் சேர்க்காத எண், என்விரான்மென்ட் வேரியபிளில் தரும் அதே பெயர் முதல் முயற்சியையும் சேர்த்த எண். இரண்டு இடத்திலும் 5 என்று வைத்துவிட்டு ஒன்றில் 6 ரிக்வெஸ்ட் போகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.